பெயரில்லாத மழைக்கும் கணக்கு வேண்டும்: மன்னார் வளைகுடாவின் இரு கரைக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்திய வானிலை ஆய்வுத் துறை, சென்னை
வளிமண்டலவியல் திணைக்களம், கொழும்பு

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தாமிரபரணியின் கடைமடையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீரை நம்பிப் பிசான நெல் நடுகிற விவசாயி நான். எங்கள் பக்கத்தில் மழை சம்பந்தமான மனு என்றால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும், மிஞ்சிப்போனால் சென்னைக்குப் போகும். கொழும்புக்கு யாரும் எழுதியதில்லை. ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்கள் குளங்களை நிரப்புகிற மழையில் பெரும்பங்கு இலங்கையைத் தாண்டியோ, குமரிக்கடலையும் மன்னார் வளைகுடாவையும் கடந்தோதான் வருகிறது. அந்தக் கடலின் ஒரு கரையில் இந்தியத் துறை, மறு கரையில் இலங்கைத் திணைக்களம். அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒரே கடிதம்.

2023 டிசம்பர் 17, 18 பற்றி உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் எண்களை இன்னொரு முறை எழுதிவைக்கிறேன். 18-ஆம் தேதி காலை எட்டரைக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61. காயல்பட்டினத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. குளங்கள் உடைந்தன. 1992 நவம்பரில் வந்த வெள்ளம் அணைகளைத் திறந்துவிட்டதோடு சேர்ந்து வந்தது என்று பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 2023-இல் அணைகளுக்குக் கீழே, சமவெளியிலேயே இத்தனை மழை கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மழையைக் கொண்டுவந்தது புயல் இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடலை ஒட்டி நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். அதற்குப் பெயர் கிடையாது.

பெயர் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ புயல் உருவானால் புதுதில்லியிலுள்ள மண்டல மையம் 13 நாடுகளுக்கு அறிவிப்பு அனுப்புகிறது. அந்த நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து புயலுக்குப் பெயர் வருகிறது: ஒக்கி வங்கதேசம் கொடுத்தது, புரெவி மாலத்தீவு கொடுத்தது, டிட்வா ஏமன் கொடுத்தது. பெயர் வந்துவிட்டால் டிவிக்காரர்கள் விழித்துக்கொள்கிறார்கள், படகுகள் கரைக்குத் திரும்புகின்றன, தாலுகா ஆபீஸில் இரவு விளக்கு எரிகிறது. அதே கடலில் பெயரில்லாமல் நிற்கிற ஒரு சுழற்சிக்கு இந்த மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. எங்கள் பகுதியை மூழ்கடித்தது அப்படி ஒன்றுதான்.

95 செ.மீ. பெய்யும் என்று மூன்று நாளைக்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. உலகத்தில் எந்த மையமும் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு அப்படி ஓர் எண்ணை மூன்று நாள் முன்னால் நம்பிக்கையோடு சொல்லிவிட முடியாது. நான் கேட்பது 17-ஆம் தேதி சாயங்காலத்துக்கு மேல் நடந்ததைப் பற்றி. மழை நிற்காது, இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இதே இடத்தில் கொட்டும் என்று ராத்திரி எட்டு மணிக்குத் தெரிந்திருந்தால் ஆற்றோரத் தெருக்களில் இருந்தவர்கள் மேடான இடத்துக்குப் போயிருப்பார்கள், மாட்டையாவது அவிழ்த்துவிட்டிருப்பார்கள். அதற்குக் கணிப்பைவிட முக்கியமானது பார்வை. வானத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கிற கண்.

அந்தக் கண் எங்கே இருக்கிறது? காரைக்கால் ரேடாரிலிருந்து காயல்பட்டினம் 300 கி.மீ.க்கு மேல். பூமி உருண்டை, ரேடார் கதிரோ நேராகப் போகிறது. அவ்வளவு தூரம் போவதற்குள் கதிர் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. மேகத்தின் தலை தெரியும், மழை கொட்டுகிற உடம்பு தெரியாது. திருவனந்தபுரம் ரேடார் தூரத்தில் கிட்டத்தான், 135 கி.மீ. இருக்கும். ஆனால் நடுவில் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியமலை நிற்கிறது. குறுமுனி பூமியின் பாரத்தைச் சரிசெய்ய வந்து உட்கார்ந்த மலை என்று நாங்கள் கும்பிடுவோம், ரேடார் பொறியாளருக்கு அது ஒரு சுவர். இலங்கையின் மேற்குக் கரையில் அப்போது மழையையும் காற்றின் வேகத்தையும் அளக்கிற டாப்ளர் ரேடாரே இல்லை. ஜப்பான் உதவியோடு புத்தளத்தில் ஒன்று வைக்கும் முயற்சி பல வருஷமாக நடக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புத்தளத்துக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவே சுமார் 200 கி.மீ., எல்லாம் கடல். ஒரு மலைகூடக் கிடையாது. எங்கள் கரைக்கு வருகிற மழையை நேருக்கு நேர் பார்க்க வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று இலங்கையில் இருக்கிறது.

இலங்கை முதலில் பார்க்கிறது, நாங்கள் அப்புறம் பார்க்கிறோம் என்பது புதுக் கதை இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் வந்தது. 2020-இல் புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. 2017-இல் ஒக்கி இலங்கையின் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்து, நவம்பர் 30 காலையில் குமரி முனைக்குப் பக்கத்தில் புயலாகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குத் திரும்ப நேரமே இருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருப்பவை. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அங்கிருந்து ஓர் ஆள் ஓடிவந்து கீழ்க்குளத்துக்காரனிடம் சொல்வது பழைய ஏற்பாடு. கீழ்க்குளத்துக்காரன் அடுத்த ஊர், அடுத்த சாதி, வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவன் என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் உங்கள் இருவரிடமும் கேட்பது அதைத்தான்.

நாடுகள் வானிலைத் தரவைப் பகிர்ந்துகொள்வது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை, உங்கள் துறைகளே அதில்தான் ஓடுகின்றன. உலக வானிலை அமைப்பு 1950-லிருந்து இருக்கிறது. இந்திய நேரம் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் வெப்பம், ஈரம், காற்றை அளக்கிற பலூன்கள் மேலே போகின்றன. அந்த அளவுகள் சில மணி நேரத்தில் எல்லா நாட்டு மையங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. எங்கள் ஊருக்கு நாளை மழையா என்று கணிக்க அந்தமானில் காற்று எப்படி என்று தெரிய வேண்டும். அடுத்த வாரத்துக்குச் சொல்ல சுமத்ராவும் மாலத்தீவும் வேண்டும். பத்து நாளுக்கு மேல் என்றால் உலகமே வேண்டும். கணிப்பு மாதிரி என்பது இந்த நிமிஷத்து வானத்தை எண்களாக வாங்கிக்கொண்டு இயற்பியல் சமன்பாடுகளின்படி முன்னே ஓட்டிப் பார்ப்பதுதான். தொடக்கத்தில் ஓட்டை இருந்தால் முடிவிலும் ஓட்டை. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது விமானங்களிலிருந்து வரும் வெப்ப, காற்று அளவுகள் பாதிக்கு மேல் குறைந்துபோய், கணிப்பு மையங்கள் கவலைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்தப் பகிர்வில் பெரிய பலன் கண்டவர்களில் நாமும் உண்டு. இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கியது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் போட்ட போட்டில், மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தின் கேள்வியாகிவிட்டது. துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்ட் மற்ற நாடுகளிலிருந்து காற்றழுத்தக் கணக்கு கேட்டு வாங்கினார். இந்தியாவில் வறட்சி வரும்போது ஆஸ்திரேலியாவிலும் வறட்சி வருகிறது என்று அங்கிருந்து சார்லஸ் டாட் சொன்னார். 1904 முதல் 1924 வரை துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த அழுத்த, மழைக் கணக்குகளைக் குமாஸ்தாக்களை வைத்துக் கூட்டிக் கழித்து, பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற தெற்கு ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். அது எல் நினோவின் மறுபாதி என்பது 1960-களின் முடிவில் தெளிவானது. இன்று எங்கள் ஊர் உரக்கடைக்காரர்கூட ‘இந்த வருஷம் எல் நினோ, வடகிழக்கு நல்லாருக்கும்’ என்று சொல்கிறார். அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது அந்நிய நாட்டு அழுத்தக் கணக்குதான்.

எங்கள் பொதிகைக்கே இதில் ஒரு பங்கு உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் 1850-களில் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். யானையும் அட்டையும் நிறைந்த அந்தக் காட்டில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து அளந்த பூமிக் காந்தக் கணக்கு 1874-இல் லண்டனில் அச்சாகி உலகத்துக்கே கிடைத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அந்த உச்சியின் கணக்கு லண்டன் வரை போனது. இன்று மலைக்குக் கீழே இருக்கிற எனக்கு, மலைமேல் இப்போது எவ்வளவு மழை என்று அடுத்த நாள் காலைதான் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பருவமழை தொடங்கினால் எங்கள் வாட்ஸப் குழுக்களில் கலர் கலராக மழை வரைபடங்கள் வரும். எல்லாம் அமெரிக்க மாதிரியும் ஐரோப்பிய மையத்தின் மாதிரியும்தான். அமெரிக்காக்காரர்கள் வெகுகாலமாக இலவசமாகத் தருகிறார்கள். இங்கிலாந்தின் ரெடிங்கில் தலைமையகமும் இத்தாலியின் போலோனாவில் கணினியும் வைத்திருக்கிற ஐரோப்பிய மையமும் 2025 அக்டோபரிலிருந்து தன் நேரடிக் கணிப்புகளைத் திறந்த உரிமத்தில் தருகிறது. ஆக, நாங்குநேரியில் நாளைக்கு மழையா என்று போலோனா கணினி சொல்கிறது. நாங்குநேரியில் இன்றைக்குப் பெய்த மழையை நாங்குநேரிக்காரன் உடனே பார்க்க முடியவில்லை. ரேடாரின் படம் உங்கள் தளத்தில் வருகிறது, அதற்கு நன்றி. படத்துக்குப் பின்னால் இருக்கிற எண்களை எடுத்துக் கணக்குப் போடுவது ஒரு கல்லூரி மாணவனுக்குச் சுலபமில்லை. அடுத்தவர் இலவசமும் என்றைக்கும் நிற்கும் என்று சொல்ல முடியாது. 2025-இல் அமெரிக்காவிலேயே ஆள் பற்றாக்குறையால் சில நிலையங்களில் பலூன் விடுவது குறைந்தது.

சரி, தடை எங்கே? 1995-இல் உலக வானிலை அமைப்பு போட்ட 40-ஆம் தீர்மானம், அவசியத் தரவைத் தடையில்லாமல் இலவசமாகத் தர வேண்டும் என்றது. 2021 அக்டோபரில் அதைப் புதுப்பித்து, எல்லா நாடும் கட்டாயம் பகிர வேண்டிய அடிப்படைத் தரவு என்று ஒரு வகை வைத்தார்கள். அதோடு வந்த கண்காணிப்பு வலையமைப்பின் விதி, 200 கி.மீ. இடைவெளிக்கு ஒரு தரைநிலையம், மணிக்கு ஒரு முறை அளவு. உலகக் கணிப்புக்கு அது போதும். ஆனால் பாபநாசத்திலிருந்து மணப்பாடு வரை மொத்தமே நூறு கிலோமீட்டர்கூட வராது. அந்த விதிப்படி பார்த்தால் மழைக்காடும் செம்மணல் தேரிக்காடும் சேர்ந்து ஒரு நிலையத்தில் அடங்கிவிடும்! விதியின் குறைந்தபட்சத்தைச் செய்துவிட்டோம் என்று இரு தரப்பும் சொன்னாலும் எங்களுக்குப் பிரயோஜனமில்லை. எங்களுக்கு வேண்டியது விதிக்கு மேல் இருக்கிறது.

பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்லப்படலாம். கடல் எல்லை, ரோந்துக் கப்பல், படகுப் பிரச்சினை எல்லாம் தெரிந்ததுதான். மேகத்துக்கு எல்லை உண்டா என்று மேடையில் கேட்டால் கைதட்டு விழும், கோப்பில் கையெழுத்து விழாது. அதனால் நான் ஐரோப்பாவைக் காட்டுகிறேன். ஒருவரையொருவர் குண்டு போட்டு அழித்த நாடுகள் 1999 முதல் ஓபெரா என்ற திட்டத்தில் தங்கள் வானிலை ரேடார்களின் அளவுகளை ஒன்றாகத் தைத்து ஒரே படமாக்கிப் பயன்படுத்துகின்றன. மழையை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல், விமானம் போன்ற மற்ற எதிரொலியை நீக்கிவிடுவது தெரிந்த தொழில்நுட்பம்தான். பீதி என்று இன்னொரு காரணம். தரவைத் திறந்தால் ஆளாளுக்கு அறிக்கை விடுவார்கள் என்பார்கள். இப்போது மட்டும் என்ன, சும்மாவா இருக்கிறார்கள்? வெளிநாட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு விடுகிறார்கள். உள்ளூர் மழைமானி கையில் இருந்தால் பொய்யை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம். மூன்றாவது, தரவை விற்றால் வருமானம். அந்த வருமானம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, ஒரே ஒரு குளக்கரையைத் திரும்பக் கட்டிய செலவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 2020 அக்டோபரில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான் ஐந்துக்கும் சேர்த்துத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பைப் புதுதில்லியில் தொடங்கினீர்கள். நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்ட மழைத் தரவை இந்தியத் துறை இலவசமாகவே தருகிறது. அதாவது பாதை போட்டாயிற்று. அதில் வண்டி ஓட வேண்டியது நுணுக்கமான, உடனுக்குடனான தரவு.

நான் கேட்பவை பெரிய பெரிய திட்டங்கள் இல்லை. குமரிக்கடலில் ஒரு சுழற்சி நிற்கிறது என்று தெரிந்தால், அதற்குப் பெயர் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், திருவனந்தபுரம், காரைக்கால், கொழும்பு மூன்றிலும் முற்பகல் பதினொன்றரைக்கும் இரவு பதினொன்றரைக்கும் கூடுதல் பலூன் விடுங்கள். சூறாவளி மிரட்டும்போது அமெரிக்காவில் இப்படிச் செய்வது வழக்கம். உங்கள் இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்று என்பதால் நேரக் குழப்பமும் இல்லை. புத்தளத்து ரேடார் வருகிற அன்றே அதன் எண்கள் சென்னைக்கும், காரைக்கால் எண்கள் கொழும்புக்கும் போக இப்போதே ஒப்பந்தம் போட்டு வையுங்கள். கருவி வந்தபிறகு பேச ஆரம்பித்தால் இன்னும் ஐந்து மழைக்காலம் போய்விடும். அகத்தியமலைக்குக் கிழக்கே, எங்கள் சமவெளியில் ஒரு ரேடார் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. ராக்கெட்டுக்காக அங்கே வைக்கப்போகிற வானிலைக் கருவிகள் உடன்குடி விவசாயிக்கும் கொஞ்சம் வேலை செய்யட்டும். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் நிற்கிற காற்றாலைகளும் ராவும் பகலும் காற்றை அளந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த அளவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. தமிழ்நாட்டிலேயே அதிக மழை என்று அடிக்கடி செய்தியில் வருகிற இந்தப் பெயர்கள் எல்லாம் தேயிலை எஸ்டேட்டுகள். அங்கே ஆட்கள் காலியாகிக்கொண்டிருக்கிறார்கள். அதன் நியாய அநியாயம் வேறு விவகாரம், நீதிமன்றம் வரை போய்விட்டது. மழைமானிக்கு வாரிசு இல்லாமல் போய்விடக் கூடாது. தானியங்கி நிலையம் வையுங்கள், பழுது பார்க்க ஆளும் வையுங்கள். எஸ்டேட் பழைய ரிஜிஸ்டர்களையும், எட்டு அணைக்கட்டுகளில் பொதுப்பணித் துறை எழுதிவைத்த மழைக் கணக்கையும் கரையான் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்து இரு நாட்டு ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடுங்கள். இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதேமாதிரி நோட்டுகள் கட்டாயம் இருக்கும்.

கொழும்பிலிருக்கிற அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா உங்கள் நாட்டில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்து மண்சரிவுப் படங்களைப் பார்த்தபோது எங்கள் வீடுகளிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இங்குள்ள பல குடும்பங்களுக்கு அந்தத் தோட்டங்களில் சொந்தம் உண்டு. இந்தியா ‘சாகர் பந்து’ என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலும் உதவி அனுப்பியது, நல்லது. அரிசி மூட்டை போகிற வேகத்தில் ரேடார் எண்களும் போக வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால். இந்தத் திசையில் இந்தியத் துறைக்குத்தான் பொறுப்பு அதிகம். செயற்கைக்கோள் அவர்களிடம், பெரிய கணினி அவர்களிடம். பெரியவர் முதலில் கொடுத்தால்தான் சின்னவர் தயங்காமல் கொடுப்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யலாம், அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், நிதியும் அதிகம் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும், உவரியிலிருந்து பாம்பன் வரை, கொழும்பிலிருந்து மன்னார் வரை, ஏற்கெனவே இருக்கிற தானியங்கி நிலையங்களின் மழை, காற்று, அழுத்த அளவுகளைப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். கணிப்பு எதுவும் வேண்டாம், வெறும் அளவு போதும். அடுத்த வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்குள் அந்தப் பக்கம் வருமா, வராதா, வராது என்றால் எந்த நாற்காலியில் நிற்கிறது என்பதை மட்டும் இரு துறைகளும் பொதுவில் பதிலாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்ரீவைகுண்டம் வட்டத்துப் பிசானம் விவசாயி ஒருவன்